ஊவா மண்ணின் ஒளிக்கணக்கு

ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் நெஞ்சில் எழுவது ஆடவல்லானின் திருவுருவம். அக்கூத்தின் உட்பொருளை மேலைநாட்டாரும் உணருமாறு விரித்துரைத்த அப்பேரறிஞர், கலையை ஆராயப் புகுமுன் கல்லை ஆராய்ந்தவர் என்பதை நினைவிற் கொண்டோர் சிலரே. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதல் இயக்குநராக 1903 ஆம் ஆண்டு தொடங்கி 1906 ஆம் ஆண்டு வரை அவர் பணிபுரிந்தார். மலைநாட்டு ஊர்தோறும் சுத்தியலும் கையுமாகத் திரிந்த அந்நாட்களிலேதான் கண்டிய நாட்டுக் கைவினைஞரின் வாழ்வும் தாழ்வும் அவர் கண்ணிற்பட்டன. கலைக்குமாரசுவாமி பிறந்தது அங்கே. ஆயின், இக்கட்டுரைக்கு வேண்டியவர் சுத்தியல் ஏந்திய குமாரசுவாமியே.

சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் தேடுவோர் அரித்தெடுக்கும் சரளையினூடே, கரிய நிறமும் கனசதுர வடிவும் கொண்ட சிறு மணிகள் கிடைத்தன. அளவிற் சிறியன, எடுத்துப் பார்த்தால் ஈயம்போற் கனத்தன. 1904 ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்த குமாரசுவாமி யுரேனியத் தாது என முதலில் எண்ணினார். இலண்டனிற் பகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு நிரம்பிய புதுக்கனிமம் அஃது எனத் தெரியவந்தது. தோரியனைற்று என்று பெயரும் இட்டனர். அக்காலத்தில் ஆங்கிலம் பயில்வதற்கென இலண்டன் வந்து, இராம்சே என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் அமர்ந்திருந்தார் ஓட்டோ ஹான் என்ற செருமானிய இளைஞர். நம் நாட்டுத் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பே அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து 1905 இல் அவர் கண்டறிந்தது ‘இரேடியோதோரியம்’. அந்த ஹானே 1938 ஆம் ஆண்டின் இறுதியில், இசுத்திராசுமன் என்பாருடன் சேர்ந்து யுரேனிய அணுக்கரு பிளவுறுவதைக் கண்டவர். பலாங்கொடைச் சரளைக்கும் அணுயுகத்துக்கும் இடையே இத்துணை நெருங்கிய உறவு உண்டு என்பதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

பலாங்கொடையை விட்டுக் கிழக்கே செல்லும் பாதை ஹல்துமுல்லையைக் கடந்து, பெரகலையில் வளைந்து வளைந்து ஏறி, ஏறத்தாழ 1430 மீற்றர் உயரத்தில் அப்புத்தளையை அடைகிறது. அங்கிருந்து பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை என இறங்கினால் ஊவாவின் தேயிலை மலைகள் இருபுறமும் விரிகின்றன. ஒரு மலைச்சரிவின் அப்புறத்தே தோரியம் செறிந்த கல் உண்டாயின், இப்புறத்து மண்ணில் என்ன இருக்கும்? பதுளையில் ஆசிரியராயிருப்பவரிடம் ஒரு மாணவன் இவ்வினாவைத் தொடுத்தால், அவர் கூறத்தக்க விடை யாது?

முதல் விடை எளிது. கதிரியக்கம் இல்லாத மண் உலகில் எங்கும் இல்லை. யுரேனியம், தோரியம், பொற்றாசியம் என்ற மூன்றும் பூமி தோன்றிய நாள் முதலே அதனுடன் இருப்பவை. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு வேண்டும். தோரியம்-232 க்கு 1405 கோடி. பொற்றாசியம்-40 க்கு 125 கோடி. செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் அதனை ஒரு பெக்கரல் என்பர். ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு திரட்டிய உலக சராசரிப்படி, ஒரு கிலோகிராம் மண்ணில் யுரேனியம் 33 பெக்கரல், தோரியம் 45, பொற்றாசியம் 412. எண்ணைப் பார்த்துப் பொற்றாசியத்தைப் பெரிதென்று கொள்ளல் ஆகாது. மண்ணின் மேல் ஒரு மீற்றர் உயரத்தில் அவை தரும் கதிரின் அளவைக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 59 நானோகிறே வருகிறது; அதில் 27 தோரியத்தின் பங்கு. எஞ்சியதை மற்றை இரண்டும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றன. ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் அரை மில்லிகிறே. இதனை அஞ்சத்தக்கது என எவரும் சொல்லார். நம் உடம்பில் உள்ள பொற்றாசியம் மட்டுமே செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிதைவுகளை நிகழ்த்திக்கொண்டிருக்கிறது.

ஊவாவின் அடித்தளப் பாறையைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் நடுமலைத் தொகுதியில் பரந்து கிடப்பவற்றுள் சார்னோக்கைட்டு என்னும் கருங்கல் முதன்மையானது. கல்கத்தாவில் யோபு சார்னோக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை மீது கிடத்திய கல்லைக் கண்டு, ஹாலந்து என்ற புவியியலார் 1893 ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயர் சூட்டினார். அக்கல்லைச் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரப் பக்கத்தினது என்பர். ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்த நிலத்தின் இரு துண்டுகளே தமிழ்நாடும் இலங்கையும். பஞ்சத்தால் ஊர்விட்டுக் கடல் கடந்து வந்து, மாத்தளை வழியே மலையேறிய நம் முன்னோர், கால் வைத்த இடத்திலும் அதே குலத்துக் கல்லைத்தான் மிதித்தனர். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இவ்வகைப் பாறை பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தால் வெந்து மாறியது. அவ்வாறு வெந்த பாறைகள் பொதுவாக யுரேனியத்தை இழந்தவை. ஆயினும் அவற்றின் ஊடே வெட்டிச் செல்லும் பளிங்குக்கல் நரம்புகளில் தோரியம் திரண்டு கிடத்தல் கூடும். எனவே ஒரு தோட்டத்து மேல் கணக்கும் கீழ்க் கணக்கும் ஒரே எண்ணைத் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பாறை மண்ணாகும்போதும் கணக்கு மாறுகிறது. மலைநாட்டு மழை பொற்றாசியத்தைக் கரைத்து இழுத்துச் செல்லும்; யுரேனியமும் ஓரளவு நீரோடு போகும்; தோரியமோ நகராது அங்கேயே தங்கும். அதன்மேல் மனிதன் வேறு கை வைக்கிறான். தேயிலைக்கு இடும் பொற்றாசு உரம் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோகிராம், செக்கனுக்கு ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட சிதைவுகளை உடையது. அதைத் தோளிற் சுமந்து மலை ஏறுபவருக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. முதுகை வளைப்பது மூட்டையின் பாரமே. எனினும் மண்ணின் இயல்பான கதிரை அளக்கப் புகுவோர், உரமிட்ட மலையையும் உரம் காணாத புல்வெளியையும் ஒன்றாக எண்ணி மயங்கலாகாது.

இனி அளவைக்கு வருவோம். கைகர் எண்ணி என்ற கருவியைத் திரைப்படங்களிற் பலர் கண்டிருப்பர். கிறுகிறு என்று ஒலி எழுப்பி அக்கணத்துக் கதிரைச் சொல்லும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அன்றைய நாட்கொழுந்தைக் கணக்கிடுவது போன்றது அது. சரியான நிறை தெரிய வேண்டுமாயின், மாலையிலே மடுவத்துக்குப் போய்க் கூடையைத் தராசில் தொங்கவிட வேண்டும். மண்ணின் கதிருக்கும் அத்தகைய கூடை ஒன்று உண்டு. வெப்ப ஒளிர்வு அளவி என்பது அதன் பெயர். இலிதியம் புளோரைட்டு என்னும் உப்பால் ஆகிய, பக்கம் 3 மில்லிமீற்றர் அளவான, சாதாரண வெண்சில்லு அது. தூய உப்பாக இருந்தால் பயன்படாது. மகனீசியமும் தைத்தானியமும் மிகச் சிறிதளவு கலந்து, பளிங்கின் ஒழுங்கைச் சற்றே குலைத்திருக்க வேண்டும். கதிர் பட்டு இடம்பெயரும் இலத்திரன்கள் அக்குறைகளிற் சென்று சிக்கிக்கொள்ளும். நாளும் கிழமையும் கடந்தாலும் பெரும்பாலானவை அங்கேயே கிடக்கும். பின்னர் ஆய்வுகூடத்தில் இருட்டறைக் கருவிக்குள் சில்லை வைத்துச் சூடேற்றினால், 200 பாகை செல்சியசை அணுகும்போது சிறைப்பட்டவை விடுபட்டு, தத்தம் இடம் மீளும். மீளும்போது ஒவ்வொன்றும் சிறிது ஒளியை உமிழும். அவ்வொளியை அளந்தால், சில்லு மண்ணில் கிடந்த காலமெல்லாம் பெற்ற கதிரின் மொத்தம் கிடைத்துவிடும். ஒருமுறை படித்த கணக்கை மறுமுறை படிக்க இயலாது. படித்தலே அழித்தலுமாகும்.

இவ்வியல்பு புதிதாகக் கண்டதன்று. 1663 ஆம் ஆண்டில் இராபேட்டு பொயில் ஒரு வைரத்தை இருட்டிலே தம் உடம்புச் சூட்டில் அணைத்து வைத்திருந்து, அது மங்கலாக ஒளிர்வதைக் கண்டு இலண்டன் அறிவியற் கழகத்துக்கு அறிவித்தார். சூடாக்கி ஒளி தீர்ந்துபோன புளோரைற்றுக் கல்லுக்கு இரேடியத்தின் அண்மை மீண்டும் ஒளியைத் தருகிறது என்பதை மேரி கியூரி அம்மையார் தம் ஆய்வேட்டிலே குறித்துவைத்தார். இவற்றை அளவுக்கருவியாக்கலாம் என்ற எண்ணத்தை 1950 களில் வளர்த்தவர் அமெரிக்காவின் விசுகொன்சின் பல்கலைக்கழகத்துப் பரிங்டன் டானியல்சு. இன்று மருத்துவமனைகளில் எக்சுக் கதிர்ப் பிரிவிற் பணிபுரிவோர் நெஞ்சில் அணியும் வில்லைக்குள் இருப்பது பெரும்பாலும் இத்தகைய சில்லே. இந்தியாவில் அதற்குக் கல்சியம் சல்பேற்றில் டிசுப்புரோசியம் கலந்த வகையைப் பயன்படுத்துகின்றனர். அவ்வகை இலிதியச் சில்லைவிடப் பல மடங்கு கூர்மையுடையது. ஆகலின் சிறிதளவே கதிர் உள்ள மண்ணுக்கு ஏற்றது.

இலக்கிய அன்பர்க்கு இங்கே ஒரு கிளைச்செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பழைய பானையோட்டின் வயதைக் கணிப்பதும் இதே ஒளியால்தான். சூளையில் வெந்தபோது ஓட்டின் மணற்றுகள்களில் இருந்த பழைய ஒளிக்கணக்குத் துடைக்கப்படுகிறது. மண்ணிற் புதைந்த நாள் முதல் புதுக்கணக்கு ஏறுகிறது. வெயிலிற் காய்ந்த மணலுக்கும் இது பொருந்தும். நம் தென்கரையோரச் செம்மணல் மேடுகளின் தொன்மையை இம்முறையால் ஆராய்ந்து, அகமதாபாத்து ஆய்வாளர் சிங்வியும் இலங்கைத் தொல்லியலார் சிரான் தெரணியகலவும் பிறரும் 1986 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓட்டில் ஏறிய மொத்தத்தை, அம்மண் ஆண்டொன்றுக்குத் தரும் கதிரால் வகுத்தால் வயது. அந்த ஆண்டுக் கணக்கை அறியத் தொல்லியலாரும் இதே அளவியை அகழ்விடத்தில் புதைத்து வைப்பதுண்டு. மண்ணின் கதிரை அளத்தல் வெறும் அணு விஞ்ஞானியின் வேலை அன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

ஊவாவின் தோட்டமொன்றில் இவ்வேலையை எவ்வாறு செய்வது? முதலிற் சில்லுகளை 400 பாகையில் ஒரு மணி நேரமும், பின் 100 பாகையில் இரண்டு மணி நேரமும் வைத்துப் பழைய கணக்கைத் துடைக்க வேண்டும். சிலவற்றை ஈயப் பெட்டிக்குள் ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட வேண்டும். கொண்டுபோகும் வழியிலும் வரும் வழியிலும் ஏறும் கதிரைக் கழிப்பதற்கு உடன் சென்று உடன் மீளும் சில சில்லுகளும் வேண்டும். புதைக்கும் சில்லுகளை நீர் புகாத குழலில் அடைத்து, 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் புதைத்தல் முறை. ஒரு புள்ளியை வந்தடையும் காமாக் கதிரில் பெரும்பகுதி அவ்வளவு சுற்றுவட்டத்து மண்ணிலிருந்தே வருகிறது. கானுக்கு அருகே புதைத்தல் ஆகாது. முள்ளுக்குத்தும் இடத்தில் புதைத்தால் மறுவாரம் சில்லு யார் கையிலோ இருக்கும். கங்காணியாரிடமும் மலையில் வேலை செய்யும் பெண்களிடமும் இன்னது இன்னதற்கு என்று முன்னரே சொல்லிவிடுதல் நலம். சொல்லாமல் மண்ணிற் புதைத்த எதுவும் ஊருக்குள் வேறொரு கதையாய் முளைக்கும்.

காலமும் கருத்திற் கொள்ளத்தக்கது. ஊவாவின் வானிலை தனிப்போக்குடையது. மேற்குச் சரிவெல்லாம் மழையில் நனையும் ஆனி, ஆடி, ஆவணியில் இங்கே வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணம் அக்காற்றாலேயே விளைகிறது. மழை இங்கே ஐப்பசிக்குப் பின்னர்தான் கொட்டும். ஈரம் மண்ணின் கதிரை மறைக்கும் இயல்பினது: நூறு பங்கு உலர்மண்ணில் இருபது பங்கு நீர் ஏறினால், சில்லு பெறும் கதிர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். ஆடியில் மட்டும் அளந்தவன் மிகுத்துச் சொல்வான். கார்த்திகையில் மட்டும் அளந்தவன் குறைத்துச் சொல்வான். எனவே ஓராண்டு முழுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைப்பதே தக்கது. வானிலிருந்து வரும் அண்டக் கதிரும் சில்லில் ஏறும். மலை உயர உயர அது மிகும். பதுளை நகரும் அப்புத்தளையும் ஏறத்தாழ 750 மீற்றர் உயர வேறுபாடு உடையன. ஆகவே அதனை இடத்துக்கு இடம் கணித்துக் கழித்த பின்னரே, எஞ்சியது மண்ணின் கணக்கு.

சில்லுக்குத் தெரியாதவையும் உண்டு. அது மொத்தத்தைச் சொல்லுமேயன்றி, எது தோரியம், எது பொற்றாசியம், எது 1950 களிலும் 1960 களிலும் வல்லரசுகள் வெடித்த குண்டுகளிலிருந்து மழையோடு இறங்கிய சீசியம் என்று பிரித்துக் காட்டாது. அதற்கு மண்ணை எடுத்து உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத கலத்தில் நான்கு கிழமை மூடிவைத்துக் காமா நிறமாலைக் கருவியில் எண்ண வேண்டும். இரேடன் என்ற வாயுவையும் இச்சில்லு அளக்காது. இயற்கையிலிருந்து மனிதன் ஆண்டுதோறும் பெறும் கதிரின் உலக சராசரி 2.4 மில்லிசீவேட்டு, அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 1.3, மூச்சோடு உட்செல்லும் இரேடனாலும் அதன் வழித்தோன்றல்களாலும் வருவது. மண்ணிலிருந்து கசிந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் அது தங்கிவிடும்.

இவ்விடத்திலேதான் தேயிலை மலையை விட்டு லயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மண்ணின் மேல் நிற்பவனுக்குக் கதிர் கீழிருந்து மட்டுமே வரும். மண்ணுக்குட் புதைத்த சில்லுக்கோ எப்புறமிருந்தும் வரும். ஆகலின் அது பெறுவது ஏறத்தாழ இரட்டிப்பு. கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய அறையில் உறங்குபவன் இவ்விருவருள் யாரை ஒத்தவன்? புதைத்த சில்லையே பெரிதும் ஒத்தவன். உலக சராசரியிலும் வெளியில் 59 நானோகிறே என்றால் வீட்டினுள் 84. லயத்துக் காம்பரா ஒன்றின் நீள அகலத்தைத் தம் கதைகளால் நமக்குக் காட்டியவர் பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை யோசப். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு வாயில், சாளரம் இருந்தாலும் இருக்கும், உள்ளேயே அடுப்பு. அத்தகைய அறைக்குள் இரவில் ஆறேழு பேர் அடைந்து கிடப்பர். மலையில் எத்தனை சில்லைப் புதைத்து எத்தனை எண்ணைப் பெற்றாலும், அவர்கள் வாங்கும் கதிரின் கணக்கு அதில் அகப்படாது. தேயிலைச் செடிக்கு எவ்வளவு என்று அறிந்து வைப்பதும், கொழுந்து பறிப்பவளுக்கு எவ்வளவு என்று அறியாதிருப்பதும் தோட்டத்துப் பழைய வழக்கம். இந்த அளவையிலும் அவ்வழக்கம் தொடர வேண்டியதில்லை.

அஞ்சுவதற்கு இது காரணம் ஆகாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கேரளத்துக் கருநாகப்பள்ளியில், மோனசைற்று மணல் பரந்த கடற்கரையில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். வீட்டுக்கு வெளியே அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிகிறே. சில இடங்களில் அதனினும் பன்மடங்கு. அப்பகுதியில் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மண்ணின் காமாக் கதிரால் புற்றுநோய் மிகுந்ததாக அதிற் புலப்படவில்லை. ஊவா மக்களுக்கு மண்ணால் வந்த பெருந்துயரம் கதிரால் வந்ததன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலையே சரிந்து லயங்களை மூடியது. அடுப்புப் புகையும் அந்த அறைகளில் நாள்தோறும் தன் வேலையைச் செய்கிறது. இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் மண்ணின் கதிர் மிகச் சிறிய பொருள். சிறியது என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்காமற் சொன்னால் அஃது ஆறுதல் வார்த்தையாகவே நின்றுவிடும்.

தேயிலைக்காகவும் இக்கணக்கு வேண்டும். 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் செர்நோபில் உலை வெடித்தபின், காற்றிற் சென்ற சீசியம் கருங்கடற் கரையில் மழையோடு இறங்கித் துருக்கியின் தேயிலையைப் பற்றியது. அவ்விலையிற் பெருந்தொகையை அந்நாடு மண்ணிற் புதைக்க நேர்ந்தது. அத்தகைய துன்பம் எந்நாட்டுக்கும் வரலாம். முன்னர் இருந்தது இவ்வளவு என்ற பதிவு கையில் உள்ள நாடே, பின்னர் வந்தது இவ்வளவு என்று கூற வல்லது. வாங்குவோன் கேட்கும்போது காட்ட வேண்டிய ஏடு அது.

பெரும்பொருட் செலவு இதற்கு இல்லை. சில்லைப் படிக்கும் கருவியும் அதில் தேர்ந்தவர்களும் கொழும்பில் அணுசக்திச் சபையிடம் உள்ளனர். பதுளையிலே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறை, லுணுகலை, வெலிமடை, அப்புத்தளை எங்கும் தமிழ்ப் பாடசாலைகளும் அவற்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கின்றனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழலைத் தோண்டி எடுத்து, மண்ணின் ஈரத்தைத் தராசிலிட்டுக் குறித்து, புதுக்குழலை வைக்க உயர்தர வகுப்பு மாணவர் போதும். ஒரு தோட்டத்துக்கு ஏழெட்டுச் சில்லுகள் இருந்தால் தொடங்கிவிடலாம்: உரமிட்ட மலையில் இரண்டு, உரம் காணாத பற்றையில் ஒன்று, தவறணையில் ஒன்று, பாடசாலைச் சுவரில் ஒன்று, பழைய லயத்துக் காம்பராவினுள் தலைமாட்டுச் சுவரில் இரண்டு, அதே லயத்தின் இஸ்தோப்பில் ஒன்று. தலைமாட்டில் தொங்கும் சில்லை முதலிற் படிக்கச் சொல்லுங்கள்.